கூமுட்டையா, குஞ்சா?

இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது தம்பி. ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம். அதுல ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்றார். யோசித்துப் பார்த்தேன். மெஸ் சாம்பாரை விட்டால், நம் கல்லூரியில் படித்த நாலு வருஷத்தில் என் நினைவில் ஆழமாகப் பதிந்த விஷயம் எது? சந்தேகமே இல்லை. 'கூமுட்டை' என்ற பட்டம்தான்!

வைவாவில் பதில் தெரியாமல் விழித்தால் கூமுட்டை. லேத்தில் உருளையாகக் கடைய வேண்டியதை முட்டை வடிவத்தில் கடைந்தால் கூமுட்டை. 'கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பேப்பரில் நான் அரியர் வைத்த அன்று, அந்தப் பட்டம் எனக்கு நிரந்தரமாகவே வழங்கப்பட்டுவிட்டது. நம்மில் பலருக்கும் ஏதாவது ஒரு செமஸ்டரில் அது கிடைத்திருக்கும். கிடைக்காதவர்கள் யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கியவர்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகலாம்.

நிற்க. கூமுட்டை என்றால் என்ன? அடை வைத்தும் குஞ்சு பொரிக்காத முட்டை. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் இருக்கும்போது நல்ல முட்டையும் கூமுட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்படியானால் 'இது தேறும், இது தேறாது' என்று யார், எந்த நாளில், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டாயிரத்து நானூறு வருஷ வரலாறு இருக்கிறது.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு முட்டையில் என்ன வேலை என்று கேட்கலாம். குஞ்சு பொரிப்பகங்களுக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. தவிர, இந்த விஷயத்தில் நம் கல்லூரியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

21 நாள் சங்கதி

வரலாற்றுக்குள் போகும் முன், அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். சூடு சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கோழி அலகாலும் காலாலும் முட்டைகளை அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருக்கும். மெஷினில் அந்த வேலையை மோட்டார் செய்கிறது. 18ஆம் நாளுக்குப் பிறகு புரட்டக்கூடாது.

இருட்டறையில் ஒரு விளக்குக்கு எதிரே முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பார்த்தால், ஓடு வழியாக வெளிச்சம் ஊடுருவி, உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். ஏழாம் நாள் பார்த்தால், கரு கூடிய முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி எட்டுத் திக்கும் ஓடும் சிவப்பு நரம்புகளும், சிலந்தி கால் பரப்பி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கரு கூடாத முட்டை வெறுமனே மஞ்சளாக ஒளிரும். கரு கூடி இடையில் செத்துப்போயிருந்தால், ரத்தம் ஒதுங்கி ஒரு சிவப்பு வளையமாக நிற்கும். 18ஆம் நாள் பார்த்தால் அகன்ற முனையில் உள்ள காற்றறை மட்டும் வெளிச்சமாகவும், மிச்சமெல்லாம் கறுப்பாகவும் இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்தக் கறுப்பு அசையும். உள்ளே குஞ்சு!

இதற்கு ஆங்கிலத்தில் 'கேண்டிலிங்' என்று பெயர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்த காலத்தில் வந்த பெயர், எல்.இ.டி. காலத்திலும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உடைத்துப் பார்த்தவர்கள்

முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று முறையாகத் தெரிந்துகொள்ள முயன்றவர்கள் முதலில் செய்த காரியம், உடைத்துப் பார்த்ததுதான். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல் தொகுப்பில், குழந்தை கருவில் வளர்வதைப் பற்றி ஒரு நூல் உண்டு. அதில் ஒரு யோசனை வருகிறது: இருபது முட்டைகளோ அதற்கு மேலோ எடுத்து இரண்டு மூன்று கோழிகளிடம் அடை வையுங்கள்; இரண்டாம் நாளிலிருந்து தினம் ஒரு முட்டையை எடுத்து உடைத்துப் பாருங்கள்; எல்லாம் விளங்கும். இன்றைக்கு நாம் 'சாம்பிளிங்' என்று சொல்வது இதைத்தான்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தன் 'விலங்குகளின் வரலாறு' என்ற நூலின் ஆறாம் பாகத்தில், முட்டைக்குள் நாளுக்கு நாள் நடப்பதை எழுதிவைத்தார். மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் முதல் அடையாளம் தெரிகிறது. வெள்ளைக்கருவில் ரத்தத்துளி போல ஒரு புள்ளி. அது உயிருள்ளதைப் போலத் துடிக்கிறது. அதுதான் இதயம் என்கிறார். பத்தாம் நாள் எல்லா உறுப்புகளும் தெரிகின்றன, தலை உடம்பைவிடப் பெரிதாக இருக்கிறது என்கிறார். இருபதாம் நாள் வாக்கில் உடைத்துத் தொட்டால் குஞ்சு உள்ளேயே அசைந்து சத்தம் கொடுக்கிறது என்றும் எழுதுகிறார். மைக்ராஸ்கோப் கிடையாது, பூதக்கண்ணாடி கூடக் கிடையாது. வெறும் கண்ணால் பார்த்தது! அந்தத் துடிக்கும் புள்ளிக்குப் பின்னாளில் லத்தீனில் 'புங்க்டம் சாலியென்ஸ்', அதாவது துள்ளும் புள்ளி என்ற பெயர் நிலைத்தது.

இதே நூலில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிரக்யூஸ் நகரத்தில் ஒரு குடிகாரன் தன் கோரைப்பாய்க்கு அடியில் மண்ணுக்குள் முட்டைகளை வைத்துவிட்டு, அவை பொரிக்கும் வரை எழுந்திருக்காமல் குடித்துக்கொண்டே இருந்தானாம். அரிஸ்டாட்டிலே சொல்கிற கதை இது. நம் ஹாஸ்டல் 'பி' பிளாக் நண்பர்கள் சிலருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். இருபத்தொரு நாள் அசையாமல் படுத்திருக்கும் திறமை அவர்களுக்கும் இருந்தது. முட்டைதான் கிடைக்கவில்லை.

உடைத்துப் பார்ப்பதில் ஒரு பெரிய சிக்கல், பார்த்த முட்டை பார்த்ததோடு சரி. 'உயிர் இருந்தது' என்று தெரிந்துகொள்ளும் அந்த நிமிஷத்திலேயே அந்த உயிர் முடிந்துபோகிறது. மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் யு.டி.எம். மெஷினில் கம்பியை இழுத்து அறுத்தோமே, அதே கதை. கம்பியின் பலம் தெரிந்துவிடும், கம்பி மிஞ்சாது.

தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்

உடைக்காமல் பார்க்கும் வழி ரோமாபுரி விவசாய நூல்களில் வருகிறது. கி.மு. 37இல் மார்க்கஸ் வாரோ என்ற அறிஞர் விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பது. போகிற காலம் வந்துவிட்டது, மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பிக்கிறார். கோழி வளர்ப்புப் பகுதியில் அவர் சொல்வதன் சாரம் இது: கோழி அடையில் உட்கார்ந்த நாலாம் நாள் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே நிறமாகத் தெளிவாக இருந்தால் அது தேறாது. எடுத்துவிட்டு வேறு முட்டை வையுங்கள்.

சுமார் நூறு வருஷம் கழித்து பிளினி என்ற ரோமானியரும் தன் 'இயற்கை வரலாறு' நூலில் இதே சோதனையைச் சொல்கிறார். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் முறையும் அதில் உண்டு; மிதக்கும் முட்டையை விட்டுவிட்டு மூழ்குவதை அடைக்கு வைக்கச் சொல்கிறார். குலுக்கிப் பார்க்காதீர்கள், உயிர் நரம்பு கலைந்துவிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறார்.

இந்த ரோமானியர்களைப் படிக்கும்போது எனக்கு எங்கள் அம்மாயி ஞாபகம் வந்துவிட்டது. அம்மாயி அடை வைக்கும்போது கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியும் ஒரு கரித்துண்டும் வைப்பார். "இடி இடிச்சா முட்டை கலங்கிப்போகும் கண்ணு, இரும்பு இருந்தா ஒண்ணும் ஆகாது" என்பார். நான் எட்டாம் வகுப்பு அறிவியலை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். பிளினியைத் திறந்தால், இடிக்குப் பரிகாரமாக முட்டை வைக்கும் வைக்கோலுக்கடியில் ஓர் இரும்பு ஆணி வையுங்கள் என்று இருக்கிறது! கொலுமெல்லா என்ற இன்னொரு ரோமானியர், ஆணியோடு பூண்டும் வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் கோழிக்கூடைக்கும் ரோமாபுரிக்கும் எப்படி ஒரே ஆணி வந்தது என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

முட்டையை வைத்து ஜோசியம் பார்த்த கதையும் பிளினியிடம் உண்டு. பின்னாளில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மனைவியான லிவியா, அதற்கு முந்தைய கணவர் மூலம் கர்ப்பமாக இருந்தபோது, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள ஒரு முட்டையைத் தன் மார்புச் சூட்டிலேயே வைத்துப் பொரிக்க வைத்தாராம். சேவல் குஞ்சு வந்தது. கி.மு. 42இல் பிறந்த குழந்தை திபேரியஸ், பின்னாளில் சக்கரவர்த்தி. முட்டைக்குள் இருப்பது சேவலா கோழியா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் ஆசை இன்னொரு வடிவில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கண் இமையே தெர்மாமீட்டர்

கோழியே இல்லாமல் முட்டை பொரிக்க வைப்பதில் பழைய கெட்டிக்காரர்கள் எகிப்தியர்கள். எருக்குவியலில் முட்டையைப் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர்கள் களிமண் செங்கல்லால் பெரிய பெரிய சூளைகளையே கட்டினார்கள். நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் இரண்டு அடுக்கு அறைகள். கீழ் அறையில் முட்டைகள், மேல் அறையில் வறட்டியும் வைக்கோலும் எரியும் கணப்பு. முதல் பத்து நாள் வாக்கில்தான் நெருப்பு. அப்புறம் வளரும் கருக்களே போதிய சூட்டைக் கொடுத்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெர்மாமீட்டர்? முட்டையை எடுத்துத் தன் மூடிய கண் இமையில் வைத்துப் பார்ப்பார்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது. அரை டிகிரி வித்தியாசம் கூட அனுபவசாலிக்குப் புரிந்துவிடுமாம். இந்த வேலை குறிப்பிட்ட ஊர்க்காரர்களிடம் தந்தையிடமிருந்து மகனுக்கு ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ரகசியத்தை ஐரோப்பாவுக்கு விளக்கி எழுத முயன்றவர் பிரான்ஸ் நாட்டு ரியோமர். 1730இல் தன் பெயரில் ஒரு தெர்மாமீட்டர் அளவையைக் கொடுத்தவர். 1749இல் குஞ்சு பொரிக்கும் கலையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். எகிப்து பெருமைப்பட வேண்டியது பிரமிடுகளுக்காக அல்ல, இந்தச் சூளைகளுக்காகத்தான் என்பது அவர் கட்சி.

அவருக்கும் முன்னால், 1620களை ஒட்டி, கொர்னேலிஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர் இங்கிலாந்தில் முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்று செய்தார். அதில் ஆல்கஹாலும் பாதரசமும் நிரப்பிய ஒரு குழாய். சூடு ஏறினால் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும். பாதரசத்தின் மேல் மிதக்கும் கம்பி உயர்ந்து, அடுப்புக்குக் காற்று போகும் வழியை மூடும். சூடு இறங்கினால் திறக்கும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பின்னூட்டக் கட்டுப்பாட்டின் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் கருவி இது. அதாவது, என்னை அரியர் வைக்க வைத்த 'கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பாடத்தின் பாட்டனார் ஒரு கோழிமுட்டைப் பெட்டி! இதை அன்றைக்கே வகுப்பில் சொல்லியிருந்தால் ஒழுங்காகப் படித்திருப்பேனோ என்னவோ.

ஒரு துளியில் ஓர் ஆராய்ச்சி

உடைத்துப் பார்ப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. இத்தாலியின் பாதுவா நகரத்தில் ஃபாப்ரீசியஸ் என்ற பேராசிரியர் முட்டையையும் குஞ்சையும் பற்றி எழுதிய நூல், அவர் இறந்தபின் 1621இல் வெளிவந்தது. அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி. ரத்தம் உடம்பில் சுற்றி ஓடுகிறது என்று 1628இல் நிரூபித்த அதே ஹார்வி. அந்த நூலிலேயே அவர் முட்டையைச் சாட்சிக்கு அழைக்கிறார். நாலைந்து நாள் அடையில் இருந்த முட்டையின் ஓட்டை நீக்கி வெதுவெதுப்பான நீரில் வைத்தால், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. சுருங்கும்போது கண்ணுக்கு மறைகிறது, விரியும்போது மறுபடி தெரிகிறது.

1651இல் வந்த இன்னொரு நூலில் ஹார்வி சொல்வது என்னை நெகிழ வைத்த ஒன்று. குளிர்ந்தால் அந்தத் துடிப்பு தளர்ந்துபோகும். வெதுவெதுப்பான விரலை வைத்தாலோ வெந்நீர் பட்டாலோ மறுபடி துடிக்கத் தொடங்கும். ராஜாவுக்கே வைத்தியம் பார்த்த மனுஷர், ஒரு துளி ரத்தத்துக்கு விரல் சூடு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். 1673இல் மால்பீகி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதுவரை யாரும் காணாத நுணுக்கங்களைப் படமாகப் போட்டார்.

மெழுகுவத்தியிலிருந்து தடுப்பூசி வரை

ஆராய்ச்சிக்கு உடைக்கலாம், வியாபாரத்துக்கு முடியாது. 1879இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பெடலூமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவர் ஒரு இன்குபேட்டரைச் செய்து விற்கத் தொடங்கினார். சில பத்தாண்டுகளில் அந்த ஊர் 'உலகின் முட்டைத் தலைநகர்' என்று தன்னையே அழைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. நமக்கு நாமக்கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைகள் நூற்றுக்கணக்கில் ஒரே பெட்டிக்குள் போனபோது வெளிச்சச் சோதனை அவசியமாகிவிட்டது. கரு கூடாத முட்டை இடத்தை அடைக்கும். செத்த முட்டை அழுகி, சமயத்தில் வெடித்து, பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். மெழுகுவத்தி போய் மண்ணெண்ணெய் விளக்கு வந்தது, அது போய் மின்சார பல்பு வந்தது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் வாத்துமுட்டையைப் பாதி அடைகாத்து, வேகவைத்து உண்பார்கள். 'பலூட்' என்று பெயர். அங்கேயும் வெளிச்சத்தில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். கரு வளராத முட்டைகள் 'பெனோய்' என்ற பெயரில் தனியாக விலைபோகின்றன. கூமுட்டைக்கும் மார்க்கெட் உண்டு, கவனிக்கவும்!

1931இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் உட்ரஃப், எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் ஆகியோர் கரு வளரும் முட்டைக்குள் கோழி அம்மை வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். வைரஸை வளர்க்கச் சுலபமான, மலிவான, ஏற்கெனவே ஓடு போட்டு சீல் வைத்த பாத்திரம் கிடைத்துவிட்டது. ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிக்காக இன்றும் கோடிக்கணக்கான முட்டைகள் பயன்படுகின்றன. பத்துப் பதினோரு நாள் வளர்ந்த முட்டையை வெளிச்சத்தில் பார்த்து, கரு உயிரோடு இருக்கிறதா, காற்றறை எங்கே முடிகிறது, ரத்த நாளம் எங்கே ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் ஊசி போடுகிறார்கள். வாரோ தாத்தா முட்டையைத் தூக்கிப் பிடித்த அதே காரியம்தான்.

எங்கள் அறுபது முட்டைகள்

இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

2012இல் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட், அறுபது முட்டை இன்குபேட்டர். நாலு பேர் குழு. ப்ளைவுட் பெட்டி, உள்ளே தெர்மோகோல், இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஒரு ஃபேன், நாங்களே செய்த கன்ட்ரோல் சர்க்யூட். முட்டைகள் அம்மாயி ஊரில் வீடு வீடாகச் சேகரித்த நாட்டுக்கோழி முட்டைகள். அரியர் வைத்த பாடத்திலேயே புராஜெக்ட் செய்து காட்டுகிறேன் பார் என்று எனக்கு ஒரு வீறாப்பு.

நாலாம் நாள் ராத்திரி, ஹாஸ்டல் ரூமிலிருந்து கொண்டுபோன டார்ச்சை வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தேன். வாரோவைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் நாலாம் நாளே தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன். 43 முட்டைகளில் நரம்பு தெரிந்தது. 17இல் ஒன்றும் தெரியவில்லை. "இதெல்லாம் கூமுட்டைடா" என்று சொல்லித் தனியாக எடுத்து ஒரு பக்கெட்டில் அடுக்க ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை அடுத்தவர் மேல், அதுவும் முட்டை மேலாவது, சொல்லும் சந்தர்ப்பம் கிடைத்ததில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்கவில்லை.

அதில் ஒன்று கை தவறி சிமெண்ட் தரையில் விழுந்தது. துடைக்கலாம் என்று குனிந்தேன். மஞ்சள்கருவின் மேல் ஒரு சின்னச் சிவப்பு வட்டம். நடுவில் ஒரு புள்ளி. அது துடித்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. இது ஏதோ ஒன்று தப்பிப்போயிருக்கும், மற்றவை காலியாகத்தான் இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும் போல ஒரு வெறி. இன்னொன்றை உடைத்தேன். காலி. இன்னொன்று. காலி. "பாத்தியா?" என்று நண்பனிடம் சொல்லிக்கொண்டே நாலாவதை உடைத்தேன். துடித்தது.

அப்போது லேபைப் பூட்ட வந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "போதும் தம்பி. மிச்சத்தை உள்ளே வைங்க. எட்டாம் நாள் பாத்துக்கலாம், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். அவர் வீட்டிலும் கோழி வளர்ப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மிச்சம் 13 முட்டைகளை உள்ளே வைத்தோம்.

எட்டாம் நாள் பார்த்தபோது அந்தப் பதின்மூன்றில் ஏழில் சிலந்தி கால் பரப்பி உட்கார்ந்திருந்தது.

நான் ஏன் தவறினேன் என்று இன்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். நாட்டுக்கோழி முட்டையின் ஓடு நிறம் கொண்டது, வெளிச்சத்தைக் குடிக்கும். டார்ச்சின் பேட்டரி இறங்கியிருந்தது. நாலாம் நாள் கரு சின்னது. முட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் மஞ்சள்கரு உள்ளே உருண்டு கருவை மேல் பக்கம் கொண்டுவந்துவிடும், நான் பார்த்ததோ அடிப்பக்கம். இதையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்தப் பதினேழு முட்டைகளில் பதினொன்று கதவோரத் தட்டில் இருந்தவை. அங்கே சூடு ஒரு டிகிரிக்கு மேல் குறைவு. ஃபேன் காற்று அந்த மூலைக்குப் போகவில்லை. சூடு குறைந்தால் கரு சாகாது, தாமதமாக வளரும். நாலாம் நாள் அவை மூன்றாம் நாள் முட்டைகளாக இருந்தன. அவ்வளவுதான்.

கடைசியில் 39 குஞ்சுகள் வந்தன. துறையே வந்து பார்த்தது. எனக்குப் பட்டம் கொடுத்த சாரே ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, "பரவால்லடா" என்றார்.

78 அல்ல, 75

அப்புறம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். பொரிப்புத் திறனைக் கரு கூடிய முட்டைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். வைத்தது 60. உண்மையில் கரு கூடியவை 52: நாலாம் நாள் தேறிய 43, திரும்ப வைத்ததில் தேறிய 7, நான் உடைத்த 2. கரு கூடாதவை 8. ஆக 52க்கு 39, அதாவது 75 சதவீதம்.

நான் எழுதியது வேறு. உடைத்த நாலையும் 'கரு கூடாதவை' பத்தியில் போட்டேன். 50க்கு 39, 78 சதவீதம். குழுவில் மற்ற மூவருக்கும் இதில் பங்கில்லை. டேபிள் போட்டது நான். மூன்று சதவீதத்துக்காகச் செய்ததில்லை அது. அந்த ராத்திரியைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது என்பதற்காகச் செய்தது. இரண்டு முட்டை உயிரோடு இருந்தது என்று எழுதினால், ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்பார்கள். எந்தத் தட்டில் இருந்தவை என்று கேட்பார்கள். கதவோர மூலை வெளியே வந்துவிடும். அதனால் தட்டு வாரியான கணக்கையே ரிப்போர்ட்டில் சேர்க்கவில்லை. வைவாவில் யாரும் கேட்கவில்லை. நல்ல மார்க் வந்தது.

அடுத்த வருஷம் ஜூனியர்கள் அதே பெட்டியை எடுத்து மேம்படுத்தினார்கள். கதவோரத் தட்டில் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. காரணம் புரியாமல் முதலில் முட்டை கொடுத்தவரை மாற்றினார்கள், பிறகு சென்சாரை மாற்றினார்கள். என்னிடமும் போன் செய்து கேட்டார்கள். "எங்க டைம்ல நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னேன். இதை எழுதும்போதும் அந்த வாக்கியம் என் காதில் கேட்கிறது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் இந்தச் சந்திப்புக்கு வருகிறார்கள் என்று பட்டியலில் பார்த்தேன். அவர்களிடம் நேரிலும் சொல்லிவிடுவேன்.

இப்போது வேலை நிமித்தமாகப் பொரிப்பகங்களுக்குப் போகிறேன். 18ஆம் நாள் தட்டுத் தட்டாக முட்டைகளை விளக்கு மேஜையின் மேல் வைக்கிறார்கள். கறுப்பாக இல்லாமல் ஒளிரும் முட்டை உடனே கண்ணில் படும், தயங்காமல் எடுத்துவிடுகிறார்கள். பெரிய இடங்களில் அதற்கும் மெஷின் வந்துவிட்டது. ஜெர்மனியில் 2022 முதல், பொரித்த அன்றே சேவல் குஞ்சுகளைக் கொல்வது சட்டப்படி தடை. அதனால் முட்டைக்குள் இருக்கும்போதே பால் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. ஒரு வகைக் கருவி, 13ஆம் நாள் வாக்கில் ஓடு வழியாக ஒளி பாய்ச்சி, உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தை வைத்துச் சேவலா கோழியா என்று சொல்கிறது. லிவியா அம்மையார் பார்த்தால் வியந்திருப்பார். எவ்வளவு நல்ல விளக்கு வந்தாலும், எந்த நாளில் பார்க்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. நான் செய்து கொடுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் கதவோர மூலையில் தனியாக ஒரு சென்சார் வைக்கிறேன். வாடிக்கையாளர்கள் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு பழைய அனுபவம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு: துறை நூலகத்தில் எங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் இன்னும் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். அதில் ஐந்தாம் அட்டவணையில் 'கரு கூடாதவை 10' என்று இருக்கிறது. 8 என்று திருத்திக்கொள்ளவும். பொரிப்புத் திறன் 78 அல்ல, 75. கதவோரத் தட்டில் சூடு குறைவு; அந்த வடிவமைப்பை எடுப்பவர்கள் முதலில் ஃபேனின் இடத்தை மாற்றவும். இந்த மலரின் ஒரு பிரதியை அந்த ரிப்போர்ட்டுக்குள் வைத்துவிடுகிறேன் என்று நூலகர் அம்மா சொல்லியிருக்கிறார்கள்.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அவரும் விழாவுக்கு வருகிறார். முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வைக்கும்படி செயலாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

— இயந்திரவியல் துறை, 2008–2012 அணி